ஸஹ்ரா காட்டச் சொன்ன கபுறு

எங்கள் எம்பி பாக்கியரத்தினம் பாராளுமன்றத்தில் பேசிய பேச்சு யூடியூப்பில் கிடக்கிறது. காப்புறுதிக் கம்பனிகளிடமும் வங்கிகளிடமும் லீசிங்காரர்களிடமும் மாட்டிக்கொள்கிற சனத்தைக் காக்கும் திருத்தங்கள் பற்றிய பேச்சு. நடுவில் மூதூர் ஸஹ்ராவைப் பற்றிச் சொல்கிறார்: "யார்மீதும் பகை பாராட்டாத அந்தச் சாந்தமான பெண், தனக்கு வந்த கதி இன்னொரு பெண்ணுக்கு வரக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் முன்வந்தார்." பக்கத்தில் இருக்கிறவர்கள் மேசையில் தட்டுகிறார்கள்.

நான் அவருடைய திருகோணமலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பெயர் சோபனா, ஊர் சாம்பல்தீவு. அந்தப் பேச்சைத் தட்டச்சு செய்து கொழும்புக்கு அனுப்பியவள் நான்தான். நான் அடித்த தாளில் அந்த வரி இல்லை. சபையில் எழுந்து நின்றதும் அவருக்கு ஊறியிருக்கிறது. சாந்தமாம்! பகை இல்லையாம்! ஒரு விதவை எதையாவது சாதித்துவிட்டால் அவள் கண்ணில் நீரும் நெஞ்சில் பாலுமாக இருக்க வேண்டும் என்று இந்த ஆம்பிளைகளுக்கு என்ன ஆசையோ தெரியவில்லை. ஸஹ்ரா ஒரு மனிதனின் முகத்தை ஊருக்கு முன்னால் மண்ணில் தேய்க்க நினைத்தாள். அதற்காக வருடக்கணக்காகக் காத்திருந்தாள். சட்டத் திருத்தத்துக்காக எழுதிய பந்தி அந்தக் காத்திருப்பின் சில்லறைக் காசு. பேச்சில் விட்டுப்போனதை எழுதி வைக்கிறேன்.

மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஸஹ்ராவுக்கு ஒரு சின்னக் கடை. தூண்டில், வலை நூல், நங்கூரக் கயிறு விற்பாள். கடன் கேட்டு வருகிற ஆட்கள் அவளுடைய வாய்க்குப் பயந்து முதலில் கடைக்கு வெளியே நின்று மணிக்கட்டைச் சொறிவார்கள். புருஷன் றஊப் அவளுக்கு நேர் எதிர், பேச்சு குறைவு. கடலுக்குப் போவான், வருவான், அவள் ஏசினால் சிரிப்பான். ஒரே மகள் இன்ஷிரா. றஊபின் உம்மா ஆமினா உம்மாவும் அவர்களோடுதான். எஞ்சினோடு சேர்த்து லீசிங்கில் எடுத்த படகு ஒன்று. படகு எடுத்தபோது அதோடு சேர்த்து ஒரு விபத்துக் காப்புறுதியும் கட்டினார்கள். றஊபுக்கு விபத்தில் ஏதும் நடந்தால் கடன் அப்படியே கழிந்துவிடும், படகு குடும்பத்துக்கு. இதை விற்றது வெளியாள் இல்லை, றஊபின் சாச்சா, அதாவது சித்தப்பா, மகன் ஸாஜித். அந்தக் காப்புறுதிக் கம்பனியின் மூதூர்க் கிளையில் அவனுக்கு வேலை.

ஒரு காலை கடலால் வந்த றஊப் துறைக் கல்லில் வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தான். தலை கல்லில் பட்டது. எழும்பி, "ஒண்டுமில்ல" என்று சொல்லி, தேத்தண்ணி குடித்து, மீனையும் விற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறான். தலை இடிக்கிறது என்று படுத்தவன் மத்தியான லுஹர் தொழுகைக்கு எழும்பவில்லை.

திடீர் மரணம் என்றால் விசாரணை அதிகாரி வந்து பார்க்க வேண்டும். விழுந்த கதையைச் சொன்னால் மையித்தைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிரேத பரிசோதனை செய்வார்கள். திரும்பி வர அடுத்த நாள் ஆகிவிடும். முஸ்லிம் வீட்டில் மையித்தைப் பொழுது படுமுன் அடக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் உள்ள அவசரம். அதற்கு மேலே ஆமினா உம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒரே ஒரு வசனத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னா: "என்ட மகனை வெட்ட விடாதீங்க."

அந்த நேரத்தில்தான் ஸாஜித் குசினி வாசலுக்கு வந்தான்.

"மதினி, விழுந்ததைப் பத்தி மூச்சு விடாதீங்க. நெஞ்சு நோவு எண்டு படுத்தார் எண்டு மட்டும் சொல்லுங்க. மையித்தை பின்னேரம் அசர் தொழுகைக்கு முந்தி அடக்கிரலாம். மத்ததை நான் பாக்கிறன்."

விசாரணைக்கு வந்தவர் குணரத்தினம் ஐயா. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த தமிழ் மனிதர். அவர் தாயின் முகத்தைப் பார்த்தார், மையித்தின் பிடரியைப் பார்க்கவில்லை. "நெஞ்சு நோவோ?" என்று கேட்டார். ஸஹ்ரா ஓம் என்றாள். இயற்கை மரணம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். இரக்கத்தில் செய்தார். ஊரில் அன்று அவரைப் பற்றி நல்லாகத்தான் கதைத்தார்கள்.

மையித்தைக் கபுறுக் குழிக்குள் இறக்கியவர்கள் மூன்று பேர்: றஊபின் மாமா, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார், ஸாஜித்.

பிறகு ஸஹ்ரா இத்தாவில் இருந்தாள். புருஷன் மௌத்தான பெண் நாலு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு இறங்குவதில்லை, அந்நிய ஆண்கள் முன் வருவதில்லை. காப்புறுதி அலுவலை யார் பார்ப்பது? "நான் இரிக்கன் மதினி, நீங்க வெளிய வரத் தேவையில்ல" என்றான் ஸாஜித். அவள் கதவுக்குப் பின்னால் நின்று அவன் நீட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்தாள். அவளுடைய கோரிக்கை நிராகரிக்கப்பட்டதும், மேன்முறையீடு செய்யும் காலம் முடிந்து போனதும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கத்திலேயே நடந்தன. இத்தா முடிந்த கிழமை படகைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். ஸாஜித் கொஞ்சம் தள்ளி வேப்ப மர நிழலில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கிளைக்குப் போனாள். அவன் கதிரையிலிருந்து எழும்பவில்லை.

"விசாரணை ரிப்போட்டில நெஞ்சு நோவு எண்டுதானே கிடக்கு, மதினி. அது விபத்தில்லையே. நான் என்ன செய்ய?"

"நீதானே சொல்லச் சொன்ன?"

"நானா?" என்று கேட்டிருக்கிறான். சுற்றி மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அல்லாஹ்ட நாட்டம் மதினி. பொறுமை செய்ங்க. பொறுமைக்குக் கூலி இரிக்கி."

அந்தக் கம்பனியில் ஒரு கிளையிலிருந்து இழப்பீட்டுக் கோரிக்கை போனால் அது கிளைக்குக் கறுப்புப் புள்ளி. ஸாஜித் அப்போது முகாமையாளர் பதவிக்குக் காத்திருந்தான். றஊப் மௌத்தாகி ஒரு வருடத்துக்குள் அந்தப் பதவி அவனுக்குக் கிடைத்தது. இது ஸஹ்ராவுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. ஆனால் தெரிய வருமுன்னரே அவள் முடிவெடுத்துவிட்டாள். என்னிடம் பின்னொரு நாள் சொன்னாள்: "பொறுமை செய்யச் சொன்னான் மிஸ். செஞ்சன்."

அவள் செய்த பொறுமை எப்படிப்பட்டது என்று கேளுங்கள். கிளையிலிருந்து வீட்டுக்கு நடந்த தூரத்தில் அவளுக்கு ஒரு விசயம் விளங்கியிருக்கிறது. தலை உடைந்ததற்கு அத்தாட்சி இல்லை என்கிறான்கள். அத்தாட்சி இருக்கிறது, மண்ணுக்குள் இருக்கிறது. இறைச்சி போகும், எலும்பு போகாது. ஆனால் எந்தக் கபுறு? மூதூர் மையவாடியில் பெயர் பொறிக்கிற பழக்கம் இல்லை. தலைமாட்டில் ஒரு மீஸான் கட்டை, கால்மாட்டில் ஒன்று, அவ்வளவுதான். அடக்கும் இடத்துக்குப் பெண்கள் போவதும் இல்லை. அன்றைக்கு மண் போட்ட ஆட்களைக் கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டினார்கள். இறக்கிய மூன்று பேரில் மாமா மௌத்தாகிவிட்டார். மோதினாரும் அடுத்த மழைக்குள் போய்விட்டார். மிச்சம் ஸாஜித்.

அவன் ஒருநாள் 'எனக்கு இடம் ஞாபகமில்லை' என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. அப்படிச் சொல்ல முடியாதபடி அவனைக் கட்டிப்போட வேண்டும். அந்த முறை நோன்புப் பெருநாளுக்கு ஸஹ்ரா வட்டிலப்பம் அவித்து, இன்ஷிராவின் கையில் கொடுத்து ஸாஜித் வீட்டுக்கு அனுப்பினாள். கூடவே ஒரு சொல், காக்கா என்றது அண்ணன் றஊபை: "எங்களுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்ல. தொழுகை முடிஞ்சு வரக்கொள்ள தம்பி காக்காட கபுறடியில ஸலாம் சொல்லிட்டு வரட்டாம்."

அவனுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லவா வேண்டும்! ஊர் வாயை அடைக்க அதைவிட நல்ல மூடி எங்கே கிடைக்கும்? எல்லாரும் பார்க்க கபுறடியில் நின்று ஓதினான். ஒவ்வொரு பெருநாளும் ஓதினான். வெள்ளம் வந்து மீஸான் கட்டைகளை அள்ளிக்கொண்டு போன வருடம், தானே புதுக் கட்டை கொண்டுபோய் நட்டான். "சொந்தத் தம்பி கூட இப்பிடிச் செய்ய மாட்டான்" என்று பள்ளியில் புகழ்ந்தார்கள். ஸஹ்ரா அவனை மன்னித்து மாப்புக் கொடுத்துவிட்டாள் என்று பெண்கள் சொன்னார்கள், அவளுக்குச் சொர்க்கம் நிச்சயமாம். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறவனைத்தான் நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தொட்டிலை அவன் கையிலேயே கொடுத்து, ஆட்டு ஆட்டு என்று பார்த்துக்கொண்டிருந்தவளை நான் ஸஹ்ராவில்தான் கண்டேன்.

எங்கள் எம்பி அந்த நேரத்தில்தான் தெரிவானார். அவர் முந்தி ஒரு வங்கியில் கடன் பகுதியில் இருந்தவர். அங்கே என்னென்ன நடக்கிறது என்று தெரிந்து வேலையை விட்டவர். சனம் தெருப் போடச் சொல்லி வரும், பிள்ளைக்கு வேலை கேட்டு வரும். இவர் அவர்களை இருத்திவைத்து, "உங்களிட்ட இன்சூரன்ஸ் இருக்கோ? என்ன சொல்லித் தந்தவங்கள்? தமிழில தந்தவங்களோ?" என்று கேட்பார். "லீசிங் எம்பி" என்று பட்டம் வைத்தார்கள். குச்சவெளியிலிருந்து மூதூர் வரை சனிக்கிழமைகளில் போய்க் கதை கேட்டோம். படிவத்தை விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வாங்கிய கதை, முதல் தவணை தவறியதும் மோட்டார் சைக்கிளோடு அதில் வந்த பிள்ளையையும் மறித்த கதை. பாராளுமன்றத்தில் நுகர்வோர் பாதுகாப்புக்கான ஒரு குழுவில் அவருக்கு இடம் கிடைத்தபோது எங்களிடம் அறை நிறைய முறைப்பாட்டுக் கோவைகள் இருந்தன.

மூதூரில் ஸஹ்ரா வந்து கதிரையில் இருந்த விதமே வேறு. அழவில்லை. "நான் பொய் சொன்னனான். அதையும் எழுதுங்க மிஸ்" என்றுதான் தொடங்கினாள். நான் எழுதி முடித்த தாளை எம்பி வாங்கி இரண்டு தரம் வாசித்தார். இப்படி எத்தனை வீட்டில் நடந்திருக்கும்! வெட்ட வேண்டாம் என்று மார்க்கத்துக்காகச் சொன்ன பொய்யை வைத்தே கம்பனி தப்பிக்கொள்கிறது. இதற்கு ஒரு பந்தி வேண்டும் என்றார்: பிரேத பரிசோதனை நடக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக விபத்துக் கோரிக்கையைத் தள்ளக்கூடாது, துக்கத்துக்காக வீட்டில் இருக்கும் காலம் மேன்முறையீட்டுக் காலத்தில் சேரக்கூடாது.

கொழும்பில் குழு கூடியபோது ஸஹ்ராவைச் சாட்சியாகக் கூட்டிப்போனோம். நீள மேசை, குளிர், எதிரே கழுத்துப்பட்டி கட்டிய கம்பனி ஆட்கள். ஸாஜிதையும் கூட்டி வந்திருந்தார்கள், கோட்டுப் போட்டுப் பின்வரிசையில் இருந்தான். கம்பனியின் சட்டத்தரணி மிக மரியாதையாகப் பேசினார். அனுதாபம் என்றார். "ஆனால் ஒருவர் விழுந்தார் என்பதற்கு விதவையின் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. அந்த விதவையே விசாரணையில் வேறு சொல்லியிருக்கிறார். வார்த்தையை நம்பிச் சட்டம் எழுதினால் நாட்டில் நெஞ்சு நோவே இருக்காது, எல்லாரும் வழுக்கித்தான் விழுவார்கள்."

குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். எம்பியின் முகம் சிவந்தது. அந்தப் பந்தி அந்தச் சிரிப்போடு போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை ஸஹ்ரா பொறுத்திருந்தாள். பிறகு எழும்பினாள்.

"வார்த்தை வேணாம். எலும்பு இரிக்கி. கபுறைத் தோண்டிப் பாருங்க. எந்தக் கபுறு எண்டு தெரியாட்டி, அந்தா பின்னால இரிக்கிற தம்பி காட்டுவார். பெருநாளுக்குப் பெருநாள் அவர்தான் போய் ஓதுற."

நான் ஸாஜிதைப் பார்த்தேன். அவனுக்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. வட்டிலப்பம் முதற்கொண்டு விளங்கியிருக்கும். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை, பொய் சொல்வானேன், பார்க்க எனக்கு இனிப்பாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் வானுக்குள் எம்பி கெஞ்சினார். "ராத்தா, இது வேண்டாம். என்ர பந்திக்காக உங்கட மனுசனைத் தோண்ட நான் விடமாட்டன். வேற வழி பாப்பம்."

"உங்கட பந்திக்கு இல்ல ஐயா" என்றாள் ஸஹ்ரா. "அது வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எனக்கு அவன் ஊருக்கு முன்னால நிண்டு விரலால காட்டணும்."

எம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதை நேரில் கேட்ட மனிதர்தான் பிறகு சபையில் பகையில்லாத பெண் என்று பேசினார்.

நீதவானுக்கு மனுப் போடுமுன் இரண்டு வீட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. முதலாவது குணரத்தினம் ஐயா வீடு. நான் கூடப் போனேன். கபுறைத் தோண்டினால் அவருடைய கையெழுத்தும் சேர்ந்துதான் வெளியே வரும். அவர் பெருந்தன்மையாக ஏதோ சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கத்தினார்.

"உங்களுக்கு இரங்கித்தானே பிள்ளை எழுதினனான்? இப்ப என்னை மறியலுக்கு அனுப்பப் போறியளோ? இந்த வயசில நான் கோட்டுப் படி ஏறவோ?"

"ஓம் ஐயா. தெரியும்" என்றாள் ஸஹ்ரா. "உங்களிட்ட மன்னிப்புக் கேக்க வரல்ல. சொல்லிட்டுச் செய்யணும் எண்டுதான் வந்தன்."

அவர் கதவைச் சாத்தினார். அவர் சிறைக்குப் போகவில்லை, நீதவானின் கடும் எச்சரிக்கையோடு போயிற்று. ஆனால் ஊரில் யாரும் இப்போது அவரிடம் ஒரு கையெழுத்துக்கும் போவதில்லை. சந்தையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு அது வலிக்கிறது. ஸஹ்ராவுக்கும் வலிக்கும் என்று நினைக்கிறேன், ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டாவது, அவளுடைய சொந்த வீடு. ஆமினா உம்மாவிடம் சொல்ல ஸஹ்ராவுக்குப் பயம். ஊரே பயப்படுகிற வாய் மாமியாருக்கு முன்னால் கட்டிக்கொண்டது. மகனை வெட்ட வேண்டாம் என்று கதறிய தாயிடம் போய், தோண்டி எடுக்கப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள். உம்மா வெற்றிலையை மென்றபடி கேட்டா. துப்பிவிட்டு வந்து இருந்தா.

"வெட்ட வேணாம் எண்டு அழுதது நான். அந்தப் படுபாவி என்ட அழுகையை எடுத்துக்கொண்டு போய்த்தான் கதிரை வாங்கின. என்ட மகன் மண்ணுக்குள்ள இதைத் தாங்குவான். நான் மேல இரிந்து இனியும் தாங்க மாட்டன். தோண்டச் சொல்லுங்க."

நீதவான் உத்தரவு கொடுத்தார். பள்ளி நிருவாகம் முதலில் மறுத்தது, உலமாக்களைக் கேட்டது, கடைசியில் சம்மதித்தது. கபுறை ஸாஜித் அடையாளம் காட்ட வேண்டும் என்று பொலிஸ் அழைப்பாணை கொடுத்தது.

அன்று மையவாடி மதிலைச் சுற்றி ஊரே நின்றது. உள்ளே நீதவான், சட்ட வைத்திய அதிகாரி, பொலிஸ், பள்ளி நிருவாகத்தில் உள்ள மரைக்காமார். பெண்கள் வெளியே. ஸஹ்ரா மதில் வாசலில் கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்றாள், நான் அவளுக்குப் பக்கத்தில். ஆமினா உம்மா ஓட்டோவுக்குள் இருந்தா. எம்பி தூரத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஸாஜித் உள்ளே நடந்தான். ஒரு பற்றையைத் தாண்டி நின்றான், திரும்பி எங்களைப் பார்த்தான். ஞாபகமில்லை என்று சொல்லப் பார்த்தானோ என்னவோ. ஆனால் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் அவன் அங்கே நின்று ஓதியதைக் கண்ட ஆட்கள். கொஞ்சம் நடந்தான். கையை நீட்டி ஒரு கபுறைக் காட்டினான்.

வெட்டுகிறவன் மண்வெட்டியை ஓங்கி ஒரு கொத்துப் போட்டான். இரண்டாவது கொத்து விழுமுன் மரைக்காமார் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

"டேய்! அது என்ட உம்மாடா!"

ஆதம்பாவா மரைக்கார். அறுபது கடந்த மனிதர், பள்ளிக்குத் தலைவர். ஓடிப்போய் அந்தக் கபுறின் மேல் விழுந்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். மருதாணிச் செடி ஒன்றைக் கால்மாட்டில் நட்டு வளர்த்தது தான்தான் என்று நீதவானிடம் சொல்லும்போது அவருடைய தாடி எல்லாம் மண். உடையாத தலை ஒன்று வேண்டும் என்பதற்காக அடுத்த கபுறைக் காட்டியிருக்கிறான் ஸாஜித். இன்னொருவனின் தாயைத் தோண்டி எடுத்தாவது தப்பப் பார்த்திருக்கிறான்.

மதிலைச் சுற்றி ஒரு முழக்கம் எழும்பியது. பொலிஸ் இல்லாவிட்டால் அவனை அன்றே அதே மண்ணில் போட்டிருப்பார்கள். ஸஹ்ரா கம்பிக்குள்ளால் முகத்தை வைத்துப் பெரிதாகச் சொன்னாள்:

"தம்பி, சரியாக் காட்டுங்க. காக்கா காத்துக்கிட்டிருக்கார்."

அவன் காட்டினான். பக்கத்துக் கபுறை.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. கூடாரத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஸஹ்ரா இருக்கவில்லை, தண்ணி குடிக்கவில்லை. சட்ட வைத்திய அதிகாரி இளம் பெண், கையுறையைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தா. பிடரிப் பக்கம் எலும்பு வெடித்திருக்கிறது என்றா, மரணத்துக்கு அது போதும் என்றா. ஸஹ்ரா தலையை ஆட்டினாள். வாசலிலேயே குந்தினாள். புருஷன் மௌத்தான நாளில் பொய்யைப் பாதுகாக்கிற அவசரத்தில் அவள் சரியாக அழவே இல்லையாம். அன்றைக்கு அழுதாள். ஊர் முழுக்கக் கேட்க, மண்ணை அள்ளி அள்ளி அடித்து அழுதாள். யாரும் பிடிக்கவில்லை.

புதுக் கபன் துணியில் சுற்றி மறுபடி அடக்கும்போது கபுறுக்குள் இறங்க உறவு ஆண்கள் வேண்டும் என்றார்கள். வேறு யாரும் நெருங்கிய உறவில் இல்லை. ஸாஜித் ஒரு அடி முன்னுக்கு வைத்தான். எந்த நெஞ்சோடு வைத்தானோ! ஆமினா உம்மா ஓட்டோவை விட்டு இறங்கி, "அவன்ட கை படப்படாது" என்றா. ஆதம்பாவா மரைக்கார் மண் ஒட்டிய உடுப்போடு தானே கபுறுக்குள் இறங்கினார்.

கம்பனி ஸாஜிதை விலக்கியது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவனை முழுக்கக் கைவிட்டது. முகவர் அனுமதியும் போனது, வழக்கு நடக்கிறது. படகுக்குப் பதில் படகு வந்தது. எம்பியின் பந்தி குழுவின் அறிக்கையில் ஏறிவிட்டது. சிரித்த இரண்டு பேரும் கையுயர்த்தினார்கள். சட்டமாக வர இன்னும் வரிசையில் நிற்கிறது. நான் கிழமைக்கு ஒருமுறை கொழும்புக்கு அழைப்பு எடுத்துக் கேட்கிறேன், விடமாட்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை படகுப் பதிவு விசயமாக ஸஹ்ரா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் படலையில் யாரோ ஸலாம் சொன்னார்கள். ஸாஜித். நன்றாக மெலிந்திருந்தான், தாடி பாராமல் வளர்ந்திருந்தது. கட்டாருக்குப் போகிறானாம். முஸ்லிம்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான், மனிசருக்குச் செய்த பிழையை அந்த மனிசர் மன்னித்தால்தான் அவனும் மன்னிப்பான். மன்னிக்காவிட்டால் மறுமையில் இவனுடைய நன்மைகளை எல்லாம் எடுத்து அவர்களுக்குக் கொடுத்துவிடுவான். அதனால் தூரப் பயணம் போகிறவர்கள் வீட்டுக்கு வீடு போய் மாப்புக் கேட்பார்கள்.

"மதினி, மாப்புத் தாங்க" என்றான். படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. "காலைப் பிடிக்கிறன். எனக்கு மறுமையில வழி இல்லாமச் செஞ்சிராதீங்க."

ஸஹ்ரா கையில் இருந்த வலை நூலைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கம்பனிக்காரர்களின் மரியாதை அப்படியே அவள் குரலில் வந்தது.

"உங்கட கோரிக்கை கிடைச்சது தம்பி. பரிசீலிச்சு அறிவிப்பம்."

"எப்ப மதினி?"

"அறிவிப்பம்."

அவன் நின்றான். போய் ஒழுங்கை முனையில் மதிலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான், தோள் குலுங்கியது. நான் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"இரங்காதீங்க மிஸ்" என்றாள் ஸஹ்ரா. "அண்டைக்கு இந்த வீட்டில எல்லாரும் இரங்கினது போதும்."

அவள் நூலின் முடிச்சை இறுக்கிப் பல்லால் கடித்தாள். அவன் இன்னும் அங்கேதான் இருந்தான்.